ஈ.சீ.ஜீ. பார்த்து ஆய்விலிருந்து விலக்குவது ஏன்?

மலையக நேயர்களுக்கு வணக்கம். புதிய மருந்தொன்றின் ஆய்வில் சேர முன்வருவோர் பலருக்கு, நோய் எதுவானாலும், முதலில் ஈ.சீ.ஜீ. எடுக்கிறார்கள். ஒவ்வாமைக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட டெர்பெனடின் என்ற மாத்திரை, சிலருக்கு உயிராபத்தான இதயத் துடிப்புக் கோளாறை உண்டாக்கியதால் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் விலக்கிக்கொள்ளப்பட்டதை நினைத்தால், இதன் காரணம் விளங்கும்.

இதயத்தின் கீழறைகளில் மின்தூண்டல் தொடங்கி, அவை பழைய நிலைக்குத் திரும்பும் வரையான நேரமே கியூ.டி. இடைவெளி. அது மிகையாக நீண்டால் ஆபத்தான துடிப்புக்கு வழி திறக்கும். துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திய அளவு ஆணுக்கு 450, பெண்ணுக்கு 470 மில்லிசெக்கனைத் தாண்டினால் பல ஆய்வுகள் சேர்ப்பதில்லை.

ஆனால் திருத்தும் சூத்திரம் ஒன்றல்ல. லயத்திலிருந்து ஏற்றம் ஏறி, மூச்சு வாங்க வைத்தியசாலைக்கு வந்த பெண்ணொருவரின் நாடி நிமிடத்துக்கு 100, கியூ.டி. 370 என்று வைத்துக்கொள்வோம். பாசெட் சூத்திரப்படி அது 478 ஆகிறது. பிரிடெரீசியா சூத்திரப்படி 439தான். இரண்டும் 1920இல் வெளிவந்தவை. நாடி விரைந்திருக்கையில் பாசெட் அளவுக்கு மீறித் திருத்துகிறது. ஆகவே படுக்கவைத்துச் சற்று ஓய்வு கொடுத்து, அடுத்தடுத்து மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. அவசரத்தில் எடுத்த ஒற்றைத் தாளை வைத்து ஒருவரைத் திருப்பியனுப்புவது எனக்கு உடன்பாடில்லை.

மின்கடத்தலில் வரும் தடைகளும் இப்படியே ஆராய்ந்து பார்க்கப்பட வேண்டியவை. கீழறைகளுக்கு மின்தூண்டலைக் கொண்டுசெல்லும் பாதையின் இடது கிளையில் தடை (இடது கிளைத் தடை) உள்ளவரின் கியூ.டி. நீள்வதற்கு அத்தடையே காரணமாக இருக்கலாம். மேலறையிலிருந்து கீழறைக்குத் தூண்டல் சற்றுத் தாமதித்தே செல்லும் முதல்நிலைத் தடை பெரும்பாலும் தீங்கற்றது. அது அடியோடு நின்றுபோகும் முழுத் தடையோ, துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி இல்லாதவருக்குப் பெரும் ஆபத்து.

சில ஆய்வுகளில் நிலைமை தலைகீழ். மஞ்சள் அலரி விதையின் நஞ்சுக்கான எதிர்மருந்தை இலங்கையில் சோதித்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கடுமையான துடிப்புக் கோளாறே சேர்வதற்கான தகுதியாக இருந்தது.

எரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி, வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன் போன்ற மருந்துகளும், வயிற்றோட்டத்தால் குறையும் பொட்டாசியமும் கியூ.டி.யை நீட்டக்கூடியவை. எனவே விழுங்கும் மாத்திரைகளையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். விலக்கினால் காரணத்தைக் கேட்டு, ஈ.சீ.ஜீ.யின் பிரதியொன்றை வாங்கி, உங்களை வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம் காட்டுங்கள்.