சமையல் சோடாவைத் தொடாதீர்கள்! பேட்டரி கசிந்த சின்தசைசருக்கு மருந்து புளிப்பானையில் இருக்கிறது

[திரையில்: பச்சையும் நீலமுமாகப் பூத்துப்போன ஒரு சர்க்யூட் போர்டு, மிக அருகில்]

வணக்கம் நண்பர்களே. நீங்கள் பார்ப்பது பாசி அல்ல, பூஞ்சையும் அல்ல. ஒரே நேரத்தில் ஆறு சுரங்களை ஒலிக்கக்கூடிய ஒரு சின்தசைசரின், அதாவது மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கீபோர்டின், மூளை இது. இதை இப்படி அரித்துத் தின்றது, உள்ளங்கையில் மறைந்துவிடக்கூடிய ஒரு சின்னப் பேட்டரி. இதைச் சுத்தம் செய்யப் பலரும் முதலில் எடுப்பது சமையல் சோடாவை. தயவுசெய்து எடுக்காதீர்கள்.

கருவியின் பெயர் கார்க் பாலிசிக்ஸ். 1981-இல் ஜப்பானிலிருந்து வந்தது. 61 கட்டைகள், அமைத்த ஒலிகளைச் சேமிக்க 32 நினைவிடங்கள். வரலாறு இவ்வளவு போதும், மூடியைத் திறப்போம்.

இது அனலாக் கருவி, அதாவது எண்களால் அல்லாமல் மின்னழுத்த அலைகளால் ஒலி எழுப்புவது. அதற்குப் பேட்டரி எதற்கு? ஒலி பிறப்பது அனலாக் முறையில்தான். ஆனால் நீங்கள் திருகி அமைத்த ஒலியின் அளவுகள் எண்களாக நினைவகத்தில் போய் உட்காருகின்றன. மின்சாரம் நின்றால் அந்த நினைவகம் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறக்காமலிருக்க 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்றை வைத்தார்கள். அந்தக் காலத்தில் பல நிறுவனங்கள் செய்தது இதைத்தான். நாற்பது ஆண்டுகள் கழித்தும் யாராவது இதை வாசிப்பார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்? வயதானால் இவ்வகைப் பேட்டரி கசியும். பரணில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் இன்னும் மோசம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

[திரையில்: களிம்பேறிய செம்புக் குடம், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஊறிய புளி]

கசிந்த திரவம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது அமிலம் அல்ல, கடுமையான காரம். கார் பேட்டரியில் இருப்பது அமிலம், அதற்குச் சமையல் சோடா சரி. ஆனால் சோடாவும் காரம்தானே? காரத்தின் மேல் காரத்தைப் பூசி என்ன பயன்? இங்கே வேண்டியது அமிலம்.

இதை நம் வீட்டுப் பெண்கள் எந்த வேதியியல் புத்தகத்தையும் திறக்காமலேயே செய்துவந்திருக்கிறார்கள். செம்புக் குடத்தில் பச்சையாகப் படிவதைக் களிம்பு என்கிறோம். பண்டிகைக்கு முந்தின நாள் புளியைக் கரைத்துத் தேய்த்தால் குடம் செக்கச்செவேலென்று வந்துவிடும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்துவிடுகிறது. இந்த போர்டில் ஓடும் தடங்களும் செம்புதான். அவற்றின் மேல் பச்சையாகப் பூத்திருப்பதும் களிம்புதான்! உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் சைவ சித்தாந்தம் உவமையாகச் சொல்கிறது. வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசு அல்ல, செம்போடு செம்பாகக் கலந்து நிற்பது. இந்த போர்டைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையின் துல்லியம் புரியும்.

அதற்காகப் புளியையே போர்டில் தேய்த்துவிடாதீர்கள். நாரும் சர்க்கரையும் தங்கிவிடும். வெள்ளை வினிகர் போதும். மின்இணைப்பைப் பிடுங்குங்கள், கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், பேட்டரியை வெட்டி எடுங்கள். பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்து ஒற்றும்போது பொடிப்பொடியாக நுரை வரும். கசிந்த காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட்டாக மாறியிருக்கும். அமிலம் பட்டதும் அந்த வாயுதான் குமிழிட்டு வெளியேறுகிறது. நுரை நிற்கும்வரை ஒற்றுங்கள். பிறகு வினிகரும் தங்கக்கூடாது. காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

[திரையில்: கே.எல்.எம்-367 போர்டு]

பாலிசிக்ஸில் சோகம் என்னவென்றால், பேட்டரி இருப்பதே கே.எல்.எம்-367 என்ற இந்த போர்டில்தான். எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எந்தக் குரல் பாட வேண்டும் என்றெல்லாம் முடிவுசெய்வது இதுதான். அதனால்தான் கருவி ஊமையாகிறது, அல்லது தொடாமலேயே கத்துகிறது. ஒலியின் தன்மையைச் செதுக்கும் அருமையான எஸ்.எஸ்.எம் 2044 ஃபில்டர் சில்லுகள் வேறொரு போர்டில் இருக்கின்றன. பாடும் தொண்டை நலமாக இருந்தும் சொல்லிக்கொடுக்க மூளை இல்லாத நிலை.

மேல்பூச்சுக்கு அடியிலும் காரம் ஊர்ந்து போயிருக்கும். கறுத்த இடங்களைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை சுரண்டுங்கள். ஒவ்வொரு தடத்தையும் மல்டிமீட்டரால் சோதித்து, அறுந்ததற்கு மெல்லிய கம்பி சாலிடர் செய்யுங்கள். கால் அரித்த ஐ.சி. சில்லுகளை மாற்றுங்கள். இது இரண்டு மூன்று நாள் வேலை, பொறுமைதான் கருவி. மாற்று போர்டுகள் இப்போது புதிதாகவே கிடைக்கின்றன. தடங்கள் மொத்தமாகப் போயிருந்தால் அதை வாங்குவதுதான் நியாயம். ஆனாலும் பழைய போர்டுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள் என்பேன்.

புதிய பேட்டரியாக 3 வோல்ட் லித்தியம் நாணய பேட்டரியைப் பொருத்தலாம். அதற்குச் சார்ஜ் ஏறவே கூடாது, ஏறினால் வெடிக்கலாம். எனவே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றைச் சேர்த்து அந்த வழியை அடைத்துவிடுங்கள். பேட்டரியை போர்டில் வைக்காமல், கம்பி நீட்டித் தள்ளி வையுங்கள்.

உங்கள் வீட்டில் பழைய சின்தசைசரோ, அமிகா 2000, 386 காலத்துக் கணினியோ இருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள். அவற்றில் பலவற்றிலும் இதே வகைப் பேட்டரி உண்டு. பாலிசிக்ஸ் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் கத்தரியை எடுக்குமுன் ஒரு நிமிடம். பின்புறத்தில் டேப் துளை இருக்கிறது பாருங்கள். அதை ஒரு ரெக்கார்டரில் இணைத்து, நினைவகத்திலுள்ள 32 ஒலிகளின் அளவுகளையும் முதலில் பதிவுசெய்துகொள்ளுங்கள். பிறகு வெட்டுங்கள்.