வண்டியில் விழும் கை

நேயர்களுக்கு வணக்கம். சீன நகரங்களில் மாலை நேரத்தில் ரயில் நிலைய வாசல்களில் மூன்று சக்கர வண்டிகள் கூடும். குச்சியில் வாட்டிய இறைச்சி, அவித்த சோளம், சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு. "செங்குவான் வருது!" என்று ஒரு குரல் எழுந்தால் போதும், அத்தனை வண்டியும் சந்துக்குள் ஓடிவிடும்.

செங்குவான் என்பது நகர நிர்வாக அமலாக்கப் படை. இவர்கள் போலீஸ் இல்லை, யாரையும் கைது செய்ய முடியாது. 1997இல் பெய்ஜிங்கின் ஒரு வட்டாரத்தில் சோதனையாகத் தொடங்கி நாடெங்கும் பரவிய ஏற்பாடு இது. அபராதம் போடலாம். ஆனால் உரிமமும் நிலையான முகவரியும் இல்லாத ஒருவரிடம் அதை எப்படி வசூலிப்பது? அதனால் கை நேரே வண்டியின் மீதும் தராசின் மீதும் விழுகிறது. எல்லா விபரீதமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது என்று நான் நினைக்கிறேன். ஆலை வேலை போனவருக்கும் ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவருக்கும் அந்த வண்டிதானே மொத்த முதலும்!

2006இல் பெய்ஜிங்கில், வண்டியை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிய ஓர் இளைஞர் கடைசியில் அதிகாரி ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். 2009இல் ஷென்யாங்கில் இறைச்சிக் குச்சி விற்றவர் கையால் இரண்டு அதிகாரிகள் மாண்டார்கள். அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அடித்தார்கள், உயிர் பிழைக்கவே குத்தினேன் என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 செப்டம்பரில் மரண தண்டனை நிறைவேறியது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஹுனான் மாகாணத்தில், விளைந்த தர்பூசணியை விற்க டவுனுக்கு வந்த விவசாயி செங்குவானோடு ஏற்பட்ட கைகலப்பில் செத்துப்போனார். மாண்ட அதிகாரிகளுக்கும் குடும்பம் உண்டு. அவர்களை எண்ணியும் மனம் கனக்கிறது.

2020இல் கொரோனாவால் வேலைகள் போனபோது பிரதமர் லி கச்சியாங் இதே தெருக்கடைகளைப் பாராட்டிப் பேசினார். மேற்குப் பகுதி நகரம் ஒன்று 36,000 கடைகளுக்கு இடம் தந்து, ஒரே இரவில் 1,00,000 பேருக்கு வேலை கிடைத்தது என்றார். சில நாட்களிலேயே தலைநகரின் கட்சி நாளேடு, பெய்ஜிங்குக்கு இது ஒத்துவராது என்று எழுதிவிட்டது.

பிறகு ஷாங்காய் 2022இலும் ஷென்சென் 2023இலும் தெருக்கடைகளுக்கு இருந்த முழுத் தடையைத் தளர்த்தின. குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் கடை போடலாம். வேலை முடிந்து பசியோடு வருகிற கூட்டமோ ரயில் நிலைய வாசலில்தான் இறங்குகிறது. வியாபாரி வண்டியை அங்கேதான் தள்ளிக்கொண்டு போவார்.