விருந்தாளிக் குடிமகன்

(யாங்கோனில் ஒரு கோயில் மண்டபத்தில், ஞாயிறு பூஜைக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் நிற்கும் தம்பிகளே, வணக்கம். பாயில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அமெரிக்காவில் பிள்ளை பிறந்தால் அந்த ஊர்க் குடியுரிமை என்கிறார்களே, அதை ஏன் எடுக்கப் பார்க்கிறார்கள்?"

அங்கே பிறந்தவர் அந்நாட்டுக் குடிமகன் என்று 1868-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் சொன்னது. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை நினைத்து எழுதியது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் சீனாவுக்குப் போய்த் திரும்பினார், ஊருக்குள் விடவில்லை. வழக்குப் போட்டார். 1898-இல் உச்ச நீதிமன்றம் அவர் குடிமகன்தான் என்றது.

இன்றைக்குச் சுற்றுலா விசாவில் போய்ப் பிள்ளை பெற்று, பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டும் வாங்கித் திரும்புகிற பணக்காரர்கள் உண்டு. வீடு பிடித்துக் கொடுத்து அதையே தொழிலாக நடத்தியவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2025 ஜனவரி 20-இல் அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவு யாரைப் பிடிக்கிறது? தாய் தற்காலிக விசாவில் இருந்து, தகப்பன் குடிமகனோ நிரந்தரவாசியோ இல்லையென்றால், பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாதாம். பத்து நாள் சுற்றிப் பார்க்க வந்தவளும், எச்-1பி என்கிற வேலை விசாவில் வருஷக்கணக்காக வரி கட்டும் நம் தமிழ்ப் பெண்ணும் ஒரே வலையில்! கீழ் நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன.

இந்த வலை நமக்குப் பழக்கம்தானே? பர்மாவின் 1982 குடியுரிமைச் சட்டத்தில் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, வம்சம் கேட்கிறார்கள். 1823-க்கு முன்பே இங்கே குடியிருந்த இனத்தாருக்கு முதல் இடம். ஏன் 1823? அடுத்த வருஷம்தான் வெள்ளைக்காரன் படையெடுத்தான். அவன் பின்னால் கப்பலேறி வந்த கூட்டம் நாம். கீழே இரண்டு படி வைத்தார்கள். நடுப்படிக்குப் பர்மிய மொழியில் என்ன பெயர்? நேர்ப்பொருள் சொன்னால், 'விருந்தாளிக் குடிமகன்'. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாலு தலைமுறையாக விருந்தா சாப்பிடுகிறோம்?

மூன்றாம் தலைமுறைக்கு முழுக் குடியுரிமைக்கு அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதற்குத் தாத்தாவின் காகிதம் வேண்டும். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த மாதங்களில் சனங்கள் அஸ்ஸாம் வரைக்கும் நடந்தார்கள். பிள்ளையைத் தூக்கவே கை போதாதவர்கள் காகிதத்தையா சுமந்திருப்பார்கள்? அமெரிக்காவில் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும் என்பதுதான் நான் பொறாமைப்படுகிற விஷயம். அதை விட்டால் அங்கேயும் தாத்தாவைத் தேடத் தொடங்குவார்கள்.

நேரமாகிவிட்டது. வீட்டில் எஃப்.ஆர்.சி. என்கிற பழைய வெளிநாட்டவர் பதிவுப் புத்தகமோ, பிறப்புச் சீட்டோ, வரி ரசீதோ இருந்தால், கரையான் அரித்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். வாசல் மேசையில் தம்பி நகல் எடுத்துத் தருகிறார். கரண்ட் இருக்கும்போதே போய்விடுங்கள்.