பேக்ஃப்ளிப் மொதல்ல கத்துக்கலாமாண்ணே? எஸ்டேட் தம்பி கேட்ட கேள்வி

சரி, அடுத்த கேள்வி. இது மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு எஸ்டேட்லேர்ந்து ஒரு தம்பி வாய்ஸ்ல அனுப்புனது, அவரு சொன்னத அப்படியே சொல்றேன். "அண்ணே, எனக்கு 14 வயசு, இங்க ஜிம் இல்ல, மெத்த இல்ல, கோச் இல்ல, ஈப்போ போயி கத்துக்க வீட்ல காசு இல்ல. தனியாவே பார்க்கோர் கத்துக்கலாமா? பேக்ஃப்ளிப் மொதல்ல கத்துக்கிட்டா தப்பா? ஃப்ரீரன்னிங்கும் பார்க்கோரும் ஒன்னுதானா? அம்மா வேற கையக் கால ஒடச்சிக்குவன்னு திட்றாங்க."

தம்பி, ரெண்டும் ஒன்னாங்கறத மொதல்ல முடிச்சிடறேன். பார்க்கோர்னா இங்கேர்ந்து அங்க போகணும், நடுவுல செவுரு இருக்கு, வேலி இருக்கு, லோங்காங் இருக்கு, அதான் தண்ணி போற கால்வா, எது இருந்தாலும் வெறும் ஒடம்ப வச்சிக்கிட்டு வேகமா பத்திரமா தாண்டிப் போறது. பல்டி, சுத்தல், ஸ்டைலு எல்லாம் அதுல சேராது. அதெல்லாம் சேத்துக்கிட்டு தன் இஷ்டப்படி ஓடறதுக்குத்தான் ஃப்ரீரன்னிங்னு பேரு, செபாஸ்டியன் ஃபூக்கான்னு ஒரு பிரெஞ்சுக்காரரு இருக்காரு, அவர வச்சி 2003ல இங்கிலாந்து டிவில வந்த ஒரு டாக்குமென்டரி வழியாத்தான் அந்தப் பேரு வெளிய பரவுச்சி. 2006ல வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துல கிரேன் மேலல்லாம் ஏறி ஓடுவாரே, அவருதான்.

ஆனா பார்க்கோர் எங்கேர்ந்து வந்துச்சின்னு தெரிஞ்சா உன் பேக்ஃப்ளிப், அதான் பின்பக்கமா பல்டி அடிக்கற கேள்விக்கும் பாதி பதில் கெடச்சிடும். ஜார்ஜ் எபேர்னு ஒரு பிரெஞ்சு கடற்படை அதிகாரி, 1902ல மார்த்தினிக் தீவுல எரிமல வெடிச்சப்ப சனங்கள காப்பாத்துற வேலைல இருந்தவரு, அவரு பின்னாடி ஓடறது, ஏறறது, தாண்டறது, தூக்கறது எல்லாத்தையும் சேத்து ஒரு பயிற்சி முறைய உண்டாக்குனாரு. பலமா இருக்கணும், அது நாலு பேருக்கு ஒதவறதுக்காக இருக்கணும், இதான் அவரோட கொள்க. அந்த மாதிரி பயிற்சி பிரெஞ்சு ராணுவத்துக்குள்ள போச்சி. நம்ம பக்கத்துல இருக்கே வியட்நாம், அங்க பிரெஞ்சுக்காரங்க ஆட்சில டா லாத்ங்கற ஊருல ராணுவத்துப் புள்ளைங்க பள்ளில வளந்த பையன் ரேமோ பெல். அப்பா அம்மா பக்கத்துல இல்லாம வளந்த பையன், தன்ன யாரும் அடிச்சிப் போட்டுடக் கூடாதுன்னு ராத்திரில எல்லாரும் தூங்குன பிறகு எழுந்து போயி தனியா பயிற்சி செஞ்சாருன்னு சொல்வாங்க. பின்னாடி பாரிஸ்ல தீயணைப்பு வீரரானாரு, நம்ம பாஷைல சொன்னா பொம்பா. அவரு மகன் டேவிட் பெல்தான் பாரிஸ் பக்கத்துல லிஸ்ங்கற ஊருல கூட்டாளிங்களோட இத வளத்து எடுத்தவரு. அப்ப இது ஆளக் காப்பாத்தற வேலலேர்ந்து வந்த விஷயம் தம்பி, மறுநாளும் வேலைக்குப் போக ஒடம்பு வேணும்ல அவங்களுக்கு, அதனாலதான் இதுல எல்லாத்துக்கும் முன்னாடி எறங்கறது எப்படின்னு சொல்லித் தராங்க.

இத நான் லேட்டாத்தான் புரிஞ்சிக்கிட்டேன். எனக்கு 16 வயசு, நானும் எஸ்டேட் லயத்துலதான் இருந்தேன், வீடியோவப் பாத்துட்டு பெரிய லோங்காங் ஓரமா இருந்த செவுத்து மேலேர்ந்து எதிர்க்கரைக்குக் குதிச்சேன். காலைல மழ பெஞ்சிருந்துச்சி. சிமெண்டு ஓரத்துல பச்சையா பாசி, அது என் கண்ணுல படவே இல்ல, குதிகால்தான் மொதல்ல போயி பட்டுச்சி, சர்ருனு வழுக்கி பின்னாடி சாஞ்சி கைய ஊனுனேன், மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருச்சி. 6 வாரம் மாவுக்கட்டு. அம்மா ரப்பர் மரத்துல பால் வெட்டுற வேல, ஸ்கூல் இல்லாத நாளு அவங்களுக்கு வாளி தூக்கறது நான்தான், அந்த 6 வாரமும் அவங்களேதான் தூக்குனாங்க. சும்மா வீட்ல ஒக்காந்திருக்க மனசு கேக்காம கூடவே ரப்பர் மர நெரைக்குப் போவேன்.

அங்கதான் பாத்தேன். மலச்சரிவுல படி படியா வெட்டியிருப்பாங்க, தோள்ல போடற காண்டா கம்புல ரெண்டு பக்கமும் பால் வாளி, ரெண்டும் ரொம்பி இருக்கு, அம்மா அதோட எறங்கி வராங்க. மண்ணு ஈரம். அவங்க காலு கீழ வெக்கிறப்ப முன்னம்பாதம்தான் மொதல்ல தொடுது, தொட்ட ஒடனே முட்டி மெதுவா மடங்கிக் குடுக்குது, இடுப்பு கொஞ்சம் எறங்குது, பிறகுதான் குதிகால் வருது. வாளில பால் ஆடுது, ஆனா சிந்தல. ஒரு சொட்டு சிந்துனாலும் அவங்க சம்பளம். சத்தமும் இல்ல, ரப்பர் சப்பாத்து மண்ணுல படற சின்ன சத்தம் மட்டுந்தான். 20 வருஷமா அப்படி எறங்கறாங்க, எனக்கு அன்னிக்குத்தான் கண்ணு தொறந்துச்சி. பார்க்கோர் சொல்லித் தரவங்க மொத நாள் சொல்லித் தர லேண்டிங் அப்படியே அதான்.

ஏன் மடங்கணும்னு ஒரு கணக்கு சொல்றேன், பிசிக்ஸ் படிக்கிற புள்ளைங்க போட்டுப் பாருங்க. ஒரு மீட்டர் ஒயரத்துலேர்ந்து கீழ வர, காலு வெறப்பா இருந்து 5 சென்டிமீட்டருக்குள்ள ஒடம்பு நின்னுடுச்சின்னா, சராசரியா உன் எடையப் போல 21 மடங்கு பாரம் காலுல ஏறுது. அதே ஒயரம், முட்டியும் இடுப்பும் குடுத்து 50 சென்டிமீட்டர்ல நின்னா வெறும் 3 மடங்கு. நீ 50 கிலோன்னா ஒன்னு 150 கிலோ, இன்னொன்னு 1,050 கிலோ. ஒரு கன்சில் காடி, நம்ம ஊரு சின்ன காரு, அது கூட அவ்வளவு கனம் வராது தம்பி, அத முட்டில தூக்கி வெக்கிற நீ.

அப்ப நீ என்ன செய்யற, உங்க எஸ்டேட்ல காலைல பேரு கூப்பிடற பழைய பெரட்டுக் களம் இருக்கும், இல்லன்னா புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டாய் படி இருக்கும், 20, 30 சென்டிமீட்டர் ஒயரம் போதும். அது மேலேர்ந்து எறங்கு. எகிற வேணாம், எறங்கு. ரெண்டு காலும் ஒன்னா, தோள் அகலத்துக்கு, முன்னம்பாதம் மொதல்ல, முட்டி கால்விரல் பாக்கற பக்கமே பாக்கணும், உள்ளுக்கு மடங்கக் கூடாது, முழுசா குந்திடவும் கூடாது. எறங்கி மூனு எண்ணற வரைக்கும் ஆடாம நில்லு. காத வச்சி கேளு, டப்புனு சத்தம் வந்தா அத கணக்குல சேக்காத. சத்தம் இல்லாம 20 தடவ, வாரத்துல மூனு நாளு, 6 வாரம் அந்த ஒரே படி. பிறகுதான் ரெண்டாவது படி. போரடிக்கும்தான், தெரியும், ஆனா சதை சீக்கிரம் பலமாயிடும், தசைநாரும் மூட்டும் பலமாக மாசக்கணக்குல ஆகும், ரெண்டாவது வாரமே உனக்கு தெம்பா இருக்கும், அந்த தெம்ப நம்பி ஒயரம் ஏறுனவங்கதான் முட்டியப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க.

அடுத்தது உருளறது, ரோல். இத புல்லுல ஆரம்பி. நேரா தலை மேல உருளக் கூடாது, ஸ்கூல்ல பி.ஜே., அதான் ஒடற்கல்வி பாடத்துல செய்யறது வேற, அது மெத்தைக்கு. இது வலது தோள்ல ஆரம்பிச்சி முதுகுல குறுக்கா வந்து இடது இடுப்புல முடியணும், தலையும் கழுத்தும் தரையத் தொடவே கூடாது. சரியா செய்யறமான்னு பாக்க கோச் வேணாம், பழைய வெள்ளச் சட்ட ஒன்னு போட்டுக்கிட்டு செம்மண் ஈரமா இருக்கற எடத்துல உருளு, கழட்டி விரிச்சிப் பாரு. தோள்லேர்ந்து எதிர் இடுப்பு வரைக்கும் குறுக்கா ஒரு செவப்புக் கோடு விழுந்திருந்தா சரி. முதுகுக்கு நட்ட நடுவுல நேரா விழுந்திருந்தா முதுகெலும்பு மேல உருண்டிருக்க, திரும்ப மொதல்லேர்ந்து மெதுவா.

நாலு கால்ல நடக்கறதையும் சேத்துக்க, கையும் பாதமும் மட்டும் தரைல, முட்டி படக் கூடாது, ரோட்டு ஓரமா 20 மீட்டர் போயிட்டு வா. மணிக்கட்டு பலமாகும், எனக்கு அது இல்லாமத்தான் அன்னிக்கு ஒடஞ்சுது.

எடம் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இங்க வீடியோ எடுக்கற வெள்ளக்காரங்க ஊரு மாதிரி இல்ல, நமக்கு சாயந்தரமானா மழ, எப்பவும் ஈரம். செவுத்துல கை வச்சி தாண்டறதுக்கு முன்னாடி உள்ளங்கையால தேச்சிப் பாரு, பச்ச ஒட்டுனா அந்த எடம் வேணாம். தோளால முட்டித் தள்ளிப் பாரு, பழைய லயத்து செவுருல பூச்சு பாக்க நல்லா இருக்கும், உள்ள செங்கல்லு பொடிஞ்சிருக்கும். தகரக் கூர பக்கமே போகாத. செம்பன மரத்துல தாவறேன்னு யாரும் போகாதீங்க, மட்டை ஓரமெல்லாம் முள்ளு. லோங்காங் உள்ள எறங்கி பழகாத, எலி மூத்திரத்துல வர காய்ச்சல் ஆளையே கொண்டு போற காய்ச்சல், காலுல சின்ன வெட்டு இருந்தா போதும். எந்த எடமா இருந்தாலும் மண்டோர், அதான் கங்காணி கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யி, திருட்டுப் பசங்கன்னு பேரு வாங்கிடாத. சப்பாத்துக்கு காசு செலவு பண்ண வேணாம், பசார்ல விக்கற கருப்பு ரப்பர் சப்பாத்து, அடிடாஸ் கம்போங்குனு சொல்வாங்களே, ஈரத்துல நல்லா புடிக்கும், ஆனா உள்ள பஞ்சு எதுவும் கெடையாது, ஒரு படி ரெண்டு படிக்கு மேல அத போட்டுக்கிட்டு எறங்காத.

இப்ப பேக்ஃப்ளிப். அது ஃப்ரீரன்னிங்ல அழகான விஷயம், ஆசப்படறது தப்பே இல்ல. ஆனா தனியா, பாடாங்ல, அதான் வெளையாட்டுத் திடல் புல்லுல, மெத்த இல்லாம, புடிக்க ஆள் இல்லாம, கூடவே கூடாது. படில எறங்கறப்ப தப்பானா முட்டி வலிக்கும், பாதி சுத்துல பயந்து கைய விட்டா கழுத்துல விழுவ. அத மெத்தையும் புடிக்கத் தெரிஞ்ச ஆளும் இருக்கற எடத்துல, நேர்ல. ஒரு வருஷம் கழிச்சின்னாலும் உனக்கு 15 வயசுதான் தம்பி.

இன்னொன்னு, நீ வளர்ற வயசு. முட்டிச் சில்லுக்குக் கீழ எலும்பு லேசா துருத்திக்கிட்டு, தொட்டா, குதிச்சா வலிச்சா, அது வளர்ற புள்ளைங்களுக்கு வர ஒரு பிரச்சன, ஓஸ்குட் ஷ்லாட்டர்னு பேரு. தைலம் தேச்சிட்டு திரும்ப குதிக்கக் கூடாது, குதிக்கறத நிப்பாட்டிட்டு கிளினிக்ல காட்டு.

அம்மா திட்றாங்கன்ன. அவங்ககிட்ட மறைக்காத. அவங்க முன்னாடி அந்த ஒரு படிலேர்ந்து எறங்கிக் காட்டு, சத்தம் வருதான்னு அவங்களையே கேக்கச் சொல்லு. அடுத்த மாசம் நாங்க உங்க பக்கம் வரோம், நாளும் எடமும் உனக்கு வாய்ஸ்ல தனியா சொல்றேன், காலைல பசியாறுன ஒடனே வராம கொஞ்ச நேரம் விட்டு வா, அம்மாவையும் கூட்டிட்டு வா. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வா, கோடு எப்படி விழுதுன்னு சேந்து பாப்போம்.