ஆறு கை அசுரனுக்கு அன்னபேதி

(வேலூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தும் நமக்காக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் இருபது நிமிடத்தைச் சாப்பிட்டுவிட்ட தமிழாசிரியர் நண்பர் அவர்களே, சால்வைக்குப் பதில் துண்டு போர்த்திய விழாக் குழுவினரே (துண்டுதான் உதவும், நன்றி), கையில் பகடையோடு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் வயதைப் பார்த்து மன்னித்துவிடுங்கள்.

ரோல்பிளே விளையாட்டுக்கு ஓர் அசுரனை உருவாக்குவது எப்படி, அதுவும் சுற்றுச்சூழல் மாசிலிருந்து உருவாக்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். என் பேரன்தான் விளக்கினான். “தாத்தா, கூத்துல கட்டியங்காரன் இருக்கான்ல, அந்த மாதிரி ஒருத்தன் கதையை நடத்துவான். மத்தவங்க முகத்துல அரிதாரம் இல்லாமலே வேஷம் கட்டுவாங்க. அடி பட்டுதா படலையானு இருபது முகப் பகடை சொல்லும்.” அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று இந்த வகை விளையாட்டை வெளியிட்டார்கள். கைகாக்ஸ் மலிவான பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, வீரர்களின் இரும்பைத் துருவாக்கித் தின்னும் ஒரு ஜந்துவை உண்டாக்கினாராம். நமக்குப் பொம்மைச் செலவுகூட இல்லை. பாலாற்றங்கரையில் ஒரு நடை போய்வந்தால் போதும்.

மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, அசுரனின் உடம்பு. இரண்டு, அதன் குணம். மூன்று, அதன் சாவு. இந்த மூன்றுக்கும் அடியில் என் அம்மா சொல்லும் பழமொழி ஒன்று இருக்கிறது: உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்.

முதலில் உடம்பு. தம்பிகள் வரைந்து வந்த படத்தைப் பார்த்தேன். பச்சைக் கூழ், மண்டையோட்டுக் கண், வாயில் புகை, ஹிட் பாயிண்ட், அதாவது அடி தாங்கும் உயிர்க்கணக்கு, முந்நூறு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஏற்கெனவே உள்ள சரக்கு. அந்த விளையாட்டில் மூன்று காலோடு சாக்கடையில் கிடந்து குப்பை தின்னும் ஒரு பிராணி இருக்கிறது. பத்தடிக் கனச்சதுரமாகக் கண்ணாடிக் கூழ் ஒன்று, வழியில் கிடப்பதையெல்லாம் கரைத்துக்கொண்டு போகும். கொஞ்சம் யோசியுங்கள், இவை இரண்டும் குப்பையைத் தின்கின்றன. நகராட்சியில் வேலை போட்டுக் கொடுக்க வேண்டியவற்றைப் போய் வாளால் வெட்டுகிறீர்கள்!

பச்சை நிறத்தில் தப்பில்லை. தோல் பதனிடுகிற குரோமியம் பச்சையும் நீலமுமாகத்தான் இருக்கும். அதன் இணைதிறன், அதாவது மற்ற அணுக்களோடு சேர நீட்டும் கைகளின் எண்ணிக்கை, மூன்று. அதே குரோமியம் ஆறுக்கு ஏறினால் மஞ்சளாகிவிடும், தண்ணீரில் சுலபமாகக் கரையும், உடம்புக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஓர் ஆலை வளாகத்தில் இந்தச் சரக்கு கலந்த கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்ததும், மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசிந்ததும் ஊரறிந்த சங்கதி. 2006இல் உலகத்தின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஓர் அமெரிக்க நிறுவனம் பட்டியல் போட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

ஆகவே உங்கள் அசுரனுக்கு இரண்டு உருவம் வையுங்கள். மூன்று கையோடு இருக்கும்போது பச்சை, சாது, ஊருக்கு வேலை செய்யும். ஆறு கை முளைத்தால் மஞ்சள். வாளால் வெட்டினால் இரண்டாகும், அவ்வளவுதான். அன்னபேதி தூவினால் ஆறு கை மூன்றாகச் சுருங்கும். இது மந்திரமில்லை. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். மஞ்சள் குரோமியத்தைப் பச்சையாக இறக்க நிஜமாகவே அதைத்தான் போடுகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள், சாகாது. கைதான் குறையும்.

பெயர் ‘ஊறல்’ என்று வையுங்கள். பின்வரிசையில் ஏன் சிரிப்பு? நான் சொல்வது ஜவ்வாதுமலைச் சாராய ஊறல் இல்லை. தோலை ஊறப்போடுவதும் ஊறல், நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருவதும் ஊறல்.

இந்த ஊறல் எப்படித் தாக்கும்? நகமா, பல்லா? இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நூலகர் அம்மா கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடுவேன்.

ஆம்பூர் பக்கம் எங்கள் ஊர். அக்காவைப் பெண் பார்க்கப் போளூர் பக்கத்திலிருந்து ஒரு வண்டி ஆட்கள் வந்தார்கள். பேச்சு என்னவென்றால், பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. அக்கா அங்கே போவாள், மாப்பிள்ளையின் தங்கை என் அண்ணனுக்கு. அம்மாவுக்கு முதல் நாளே பயம். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கிய எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. இரண்டு மணி நேரம் கொதித்தாலும் கல்லு மாதிரி கிடக்கும். அதனால் மூன்று மைல் தள்ளிப் போய் இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அண்ணனை அனுப்பினாள். சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்தான். சமையலுக்கு ஒரு குடம், காப்பிக்கு ஒரு குடம் என்று கணக்கு. குடிக்கிற தண்ணீரை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை!

வெயிலில் வந்தவர்களுக்கு நான்தான் சொம்பு நீட்டினேன், பத்து வயசு எனக்கு. மாப்பிள்ளையின் தாய்மாமன், இத்தனை பெரிய மீசை, அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தார். நிறுத்தினார். சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, உப்பைப் போட்டுட்டு மோர் ஊத்த மறந்துட்டீங்களா?” என்றார். திண்ணை முழுக்கச் சிரிப்பு. அம்மா மட்டும் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அவமானத்தை மறைக்க, “எங்க ஊர்ல அதான் மாமா விசேஷம், சமையலுக்கு உப்பே வாங்கறதில்லை” என்றார். அதற்கும் சிரித்தார்கள். காப்பி நன்றாக இருந்தது, பருப்பும் வெந்திருந்தது, அக்காவையும் பிடித்துப்போனது. புறப்படும்போது அந்த மீசைக்காரர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்க பொண்ணு எங்க ஊருக்கு வந்துரும், அது நல்லாயிருக்கும். எங்க பொண்ணு இந்தத் தண்ணியில எப்படிப்பா குடும்பம் நடத்தும்?” அக்கா கல்யாணம் நடந்தது. அண்ணனுக்கு அப்புறம் ஐந்து வருஷம் பெண் கிடைக்கவில்லை.

தம்பிகளே, எந்தப் பகடையில் இந்த அடியைப் போடுவீர்கள்? வீரனின் ஹிட் பாயிண்ட் ஒன்றுகூடக் குறையவில்லை. ஊர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிறது.

இரண்டாவது, குணம். கூத்தில் பகாசுரன் கதையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பீமன் வண்டிச் சோற்றைத் தானே தின்றது மட்டும்தான் நமக்கு ஞாபகம். அதற்கு முன்னால் ஊர் செய்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். முறை வைத்து, வீட்டுக்கு வீடு, ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, ஓர் ஆள். அதற்குப் பதில் அசுரன் ஊருக்குக் காவல். மாசு என்ற அசுரனின் பலம் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. என் அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்து வெள்ளையாகி வீட்டுக்கு வருவார். அந்தக் கூலியில்தான் நான் பி.எஸ்ஸி. படித்தேன். உங்கள் வீரர்கள் ஊறலைக் கொல்லப் போனால் ஊர்க்காரர்கள் வழி மறிக்க வேண்டும். அப்படி மறிக்கவில்லையென்றால் உங்கள் ஆட்டம் பொய்.

2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதை மட்டும் ஆட்டத்தில் வைக்காதீர்கள்.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தோல் ஷாப் கழிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானது பதிவானது, மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றப்பட்டது. இன்றும் சட்ட மாணவர்கள் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். என் அம்மா அதை எப்போதோ சொல்லிவிட்டாள்: உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். நடந்தது என்ன? தின்றவர் ஒருவர், குடித்தவர் வேறொருவர். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மூன்று மாவட்டத்திலும் ஓடுவது அதே ஆறுதான்.

நம்மூரைக் கேலி பேசுவார்கள்: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தோம். மூன்றில் ஒன்று தீர்ந்தது. ராஜா நமக்கு வேண்டாம். மிச்சம் ஆறு.

அதனால்தான் நானும் நாலைந்து பேரும் கிணற்றுப் பலகை என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். வார்டு உறுப்பினர் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பொதுக்கிணறு, போர்வெல், மேல்நிலைத் தொட்டி மேலும் மாதா மாதம் பெயிண்டில் ஓர் எண் எழுத வேண்டும், அவ்வளவுதான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. கைக்கடக்கமான டி.டி.எஸ். மீட்டர் அதைக் காட்டிவிடும். குரோமியத்தைக் காட்டாது, அதற்கு ஆய்வகம் வேண்டும், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் எல்லை. ரேஷன் கடையில் இருப்புப் பலகை வைக்க முடிகிறதல்லவா? விளையாட்டிலும் இதையே வையுங்கள்: ஊறலின் எண் சுவரில் எழுதப்படாத வரை அது கண்ணுக்குத் தெரியாது, பகடை உருட்டவே முடியாது.

மூன்றாவது, சாவு. பாரதம் முடிகிற அன்று மண்ணால் துரியோதனனைப் படுக்கவைக்கிறோம். அவனுக்குத் தொடையில்தான் உயிர் என்று ஊருக்கே தெரியும். ஊறலுக்குத் தொடை எது? சொல்லலாம், ஆனால் நூலகர் அம்மா இப்போது எழுந்தே நின்றுவிட்டார்கள். அது இன்னொரு கூட்டத்துக்கு இருக்கட்டும்.

வாசலில் கையெழுத்து நோட்டு இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரவர் கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டர் கொண்டுவாருங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டு நிரப்புங்கள், தெருப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். போன தடவை ஒரு தம்பி குவார்ட்டர் பாட்டிலில் கொண்டுவந்துவிட்டார். தம்பி, அந்த ஊறல் வேறு.

நன்றி, வணக்கம்.