கொட்டகையைக் காற்று தூக்கும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி, வர்தா புயல் சென்னையைக் கடந்த மதியம், எங்கள் கொல்லையில் நின்ற தகரக் கொட்டகை பக்கத்துக் காலி மனையில் போய் விழுந்தது. நாலு கால்களும் அடியில் கான்கிரீட் உருண்டையோடு, வேரோடு பிடுங்கிய கத்தரிச் செடி மாதிரி கிடந்தன. கட்டடக் கணக்குப் போட்டே பிழைத்தவன் நான். என் கொட்டகைக்கு மட்டும் போடவில்லை. வண்டி நிறுத்தத்தானே என்ற அலட்சியம்.

கொட்டகை என்றதும் கூரையைத் தாங்குவதைப் பற்றித்தான் யோசிக்கிறோம். ஆனால் தகர ஷீட் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட இருக்காது. அதைத் தாங்குவது பெரிய வேலையில்லை; பறக்காமல் பிடித்து வைப்பதுதான் வேலை. காற்று கூரைக்கு மேலே உறிஞ்சுகிறது, கீழே புகுந்து தள்ளுகிறது.

கணக்கு எளிது. ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி என்ற இந்தியத் தரவிதி, ஊர் ஊருக்கு அடிப்படைக் காற்று வேகம் தருகிறது. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரை, கோவைக்கு 39. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும். சென்னைக்குச் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ எடையின் விசை. கோவைக்கு 90 சொச்சம்தான். சுற்றிலும் வீடுகள் இருந்தால் கொஞ்சம் குறைக்க விதி இடம் தருகிறது. சூடு கண்டவன், நான் குறைப்பதில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கொட்டகை, பதினொரு சதுர மீட்டர் சொச்சம். நாலு பக்கமும் திறந்திருந்தால், சென்னையில் சுமார் 1,700 கிலோ மேல்நோக்கி இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டும் பைப்பும் சேர்ந்து 150 கிலோ. மீதியை நாலு கால்களுக்குப் பிரித்தால், ஒவ்வொன்றும் 400 கிலோவை மண்ணில் பிடித்திருக்க வேண்டும்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழியில் கான்கிரீட் போட்டால் எடை 230 கிலோதான். என்னுடையது அதுதான்! இரண்டடிக் குழி என்றால் 540 கிலோ. அரை அடி கூட்டியதற்கு இரண்டு மடங்குக்கு மேல். மண்ணின் பிடிப்பு இருக்கிறதே என்பீர்கள். புயலோடு மழையும் வரும். ஊறிய மண்ணை நான் நம்புவதில்லை.

மூன்று பக்கம் தகரம் அடைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தால் இன்னும் மோசம். புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையை முட்டும். இழுப்பு ஒன்றரை மடங்குவரை போகலாம். அதற்கு இரண்டரை அடிக் குழி வேண்டும்.

அப்புறம் திருகுகள். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் அதிகம். அங்கே திருகுகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள், அகலமான வாஷரோடு. இல்லையென்றால் திருகு பைப்பிலேயே நிற்கும், ஷீட் மட்டும் ஓட்டையோடு பறக்கும். கால்கள் பக்கவாட்டில் சாயாமலிருக்கக் குறுக்குச் சட்டம் போடுவதை வெல்டிங்காரரே சொல்வார்.

மறுபடி கட்டியபோது இரண்டரை அடி தோண்டச் சொன்னேன். "கொட்டகைக்கா சார், இல்ல மாடி வீட்டுக்கா?" என்றார் கொத்தனார். பக்கத்து மனையைக் காட்டினேன். பழைய கால் ஒன்று இன்னும் அங்கேதான் கிடந்தது.

வணக்கம்.