பழைய டப்பா கேமராவிடம் தோற்ற பெரிய கேமரா! லேத்துப் பட்டறை போட்டோ ரகசியம்

(திரையில்: ஒரே போல்ட், இரண்டு படங்கள்)

இதில் எது காஸ்ட்லி கேமரா, சொல்லுங்கள் பார்ப்போம்? இடது படத்தில் போல்ட் தலை மட்டும் பளிச், மரையெல்லாம் புகைமூட்டம். வலது படத்தில் நுனி வரை ஒவ்வொரு மரையையும் எண்ணலாம். இரண்டிலும் லென்ஸ் துளையின் அளவெண் ஒன்றுதான், எஃப்4. அந்த வலதுதான் டப்பா! 2007-இல் வந்த கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடுகிறது.

காரணம் சிம்பிள். உள்ளே படம் விழும் சென்சார் ஏறக்குறைய 6-க்கு 4 மில்லிமீட்டர்தான். பெரிய கேமராவின் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் 36-க்கு 24. சென்சார் சிறுத்தால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் கூடும். பெரிய கேமராக்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: துளையை எஃப்22-க்குச் சுருக்கினால் உங்களுக்கும் வரும். ஆனால் பட்டறையில் அத்தனை வெளிச்சத்துக்கு எங்கே போவது?

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், கடைந்த இரும்பில் வெள்ளைத் திட்டுதான் விழும். டேபிள் லைட்டுக்கு முன்னால் டிரேசிங் பேப்பரைத் தொங்கவிட்டால் போதும். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்திறன், 80-இல் இருக்கட்டும். ஏற்றினால் படத்தில் ரவை கொட்டின மாதிரி ஆகிவிடும்.

ஐஎஸ்ஓ குறைந்தால் ஷட்டர் மெதுவாகும், கை ஆட்டம் தெரியும். உடனே டிரைபாட் வாங்க ஓடாதீர்கள். கேமராவைக் கவிழ்த்து அடியில் பாருங்கள்.

(திரையில்: டிரைபாட் ஓட்டை, பக்கத்தில் ஒரு போல்ட்)

இது என்ன மரை? கால் இஞ்ச், இஞ்சுக்கு 20! முதல்முறை தெரிந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நம் பட்டறை போல்ட் டப்பாவில் துருப்பிடித்துக் கிடக்கும் அதே கால் இஞ்ச் போல்ட். அளவு பார்க்கும் டயல் கேஜ் மாட்டும் மேக்னட் ஸ்டாண்ட் ஒன்று பழசாகக் கிடக்குமே, அதன் கம்பி முனையைக் கடைந்து இந்த மரையைப் போட்டால் லேத் பெட்டிலேயே கேமரா நிற்கும். ஓட்டைக்குள் 4.5 மில்லிமீட்டர் போனால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் அடிப்பாகம் விட்டுவிடும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

மரை போட நேரமில்லையா? பனியன் வேஸ்ட்டைக் கட்டிக் கேமராவை அதில் அமுக்கி, இரண்டு விநாடி டைமரைப் போடுங்கள்.

ஆனால் மெஷின் ஓடும்போது பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். என் முதல் கேமரா இரும்புத் தூளைத் தின்று, லென்ஸ் பாதி வெளியே வந்து கரகரவென்று நின்றுவிட்டது. இன்னும் அப்படியேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்டாண்ட் செய்தவர்கள் கமெண்டில் படம் போடுங்கள். மரை யாருடையது சுத்தமாக இருக்கிறது, பார்த்துவிடுவோம்!